கடற்கரையில் இரவுப் படம் எடுக்க வருவோருக்கு, மண்டபத்திலிருந்து ஒரு திறந்த மடல்

இராமநாதபுரம் கடற்கரைக்கு மாணவர்களை அழைத்துவந்து இரவு ஒளிப்படப் பயிற்சி நடத்தும் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

இராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் சிறிய ஸ்டுடியோ வைத்துப் பிழைப்பவன் நான். கல்யாண வேலை இல்லாத இரவுகளில் டிரைபாடைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவது பல ஆண்டுப் பழக்கம். அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பால்வெளியை, அதாவது இரவு வானில் மங்கிய பட்டையாகத் தெரியும் நட்சத்திரக் கூட்டத்தை, படமெடுக்கும் பயிற்சிகளை மாசி, பங்குனியில் வைக்காமல் ஆவணி, புரட்டாசிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மாசி, பங்குனியில் பால்வெளியின் மையப்பகுதி நள்ளிரவு தாண்டித் தென்கிழக்கில் எழும். ஆண்டின் முதல் பால்வெளிப் படத்தை எடுத்துவிடும் ஆசையில் நீங்கள் வருவது எனக்கும் புரிகிறது. ஆனால் அதே மாதங்களில், அதே இருட்டில்தான் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி என்னும் கடலாமை) முட்டையிடக் கரையேறுகிறது. ஒரு குழியில் நூறு முட்டை அளவில் இட்டு, மணலை மூடிவிட்டுப் போய்விடும். ஏறக்குறைய 45 முதல் 55 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். கரையில் வெளிச்சம் தெரிந்தால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பக்கூடும். கடல்மேல் தெரியும் மங்கிய ஒளியை நம்பி ஓடும் குஞ்சுகளோ, நீங்கள் மணலில் வைக்கும் எல்.இ.டி. விளக்கைக் கடலென்று எண்ணி எதிர்த்திசையில் போகும். தனுஷ்கோடி போகும் வழியிலுள்ள முகுந்தராயர் சத்திரம் பக்கம் வனத்துறை ஊழியர்கள் இருட்டில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். அவர்கள் தேடும் கரையில் நாம் விளக்கேற்றி நிற்பது முறையாகாது.

இதை நானும் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி இரவில், முன்புறம் கிடந்த நாட்டுப்படகு படத்தில் கறுப்பாக விழுகிறதே என்று சின்ன எல்.இ.டி. விளக்கொன்றை மங்கலாக எரியவிட்டு இரண்டு மணி நேரம் படம் எடுத்தேன். விடிந்து பார்த்தால், நாற்பது அடி தள்ளி மணலில் ஆமைத் தடம். இருபுறமும் துடுப்பு வாரிய கீறல்கள், நடுவில் வயிறு இழுபட்ட பட்டை. கடலிலிருந்து நேராக ஏறிய அந்தத் தடம், மேட்டை எட்டுமுன் வளைந்து மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. குழி எங்கும் இல்லை. என் விளக்குதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கரையில் வேறு விளக்கும் இல்லை.

புரட்டாசியில் இந்தச் சிக்கல் இல்லை. படத்துக்கும் அதுவே வசதி. இரவு ஏழரை மணிக்கெல்லாம் பால்வெளியின் மையம் தெற்கே சற்று மேற்காக உயரத்தில் நிற்கும். பிறகு மெல்லச் சரிந்து பதினொன்று, பதினொன்றரைக்குள் கடலில் இறங்கிவிடும். சேதுக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் எனத் தெற்கு பார்த்த கரைகளில் நின்றால் அது நேரே தண்ணீரின்மேல் விழும். ஆடிக் காற்றின் வேகமும் தணிந்திருக்கும். லென்சில் உப்புப் படிவது குறையும். 24 மி.மீ. லென்சில் ஷட்டரை 20 நொடிக்குமேல் திறந்துவைக்காதீர்கள். நட்சத்திரம் கோடாக இழுபடும். முன்புறக் காட்சி தெளிவாக வேண்டுமானால் அந்தி மங்கும் நேரத்தில் டிரைபாடை அசைக்காமல் தனியாக ஒரு படம் எடுத்துவைத்துப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், விளக்கே வேண்டாம். துருவ நட்சத்திரத்தைச் சுற்றி மற்ற நட்சத்திரங்கள் வட்டமிடுவதைப் படமெடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: இங்கே அது அடிவானத்திலிருந்து ஒன்பது பாகை உயரத்தில்தான் இருக்கிறது, பெரும்பாலும் கடல் மூட்டத்தில் மறைந்துவிடும்.

எந்த மாதம் வந்தாலும் ஸ்டீல் உல் எனும் இரும்பு நார்ப் பஞ்சைக் கொளுத்திச் சுழற்றிப் படமெடுக்கும் வித்தையை மட்டும் இந்தக் கரைக்குக் கொண்டுவராதீர்கள். தெறிக்கும் பொறி காற்றில் எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சுழற்றுகிறவர் கவனிப்பதில்லை. பக்கத்தில் இருப்பது ஓலைக் கொட்டகை. அதற்குள் இருப்பது நைலான் வலை. ஒரு வலை எரிந்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பே நின்றுபோகும்.

தனுஷ்கோடிச் சாலையில் மாலையிலேயே பயணிகளைத் திருப்பி அனுப்புவார்கள். நட்சத்திரத்துக்காக அங்கே ஒளிந்து தங்குவது வேண்டாம். 1964 புயலில் மிஞ்சிய தேவாலயச் சுவரை அதிகாலை வெளிச்சத்தில் எடுங்கள், சுவர்மேல் ஏறாமல். கடத்தலுக்குப் பேர்போன கரை இது என்பதால், இரவில் டார்ச் அசைந்தாலே கடலோரக் காவலர் விசாரிக்க வருவார்கள். முன்கூட்டியே காவல் நிலையத்திலும் ஊர்த்தலைவரிடமும் சொல்லிவிடுங்கள். டிரோனை வீட்டிலேயே விட்டுவாருங்கள்.

தேதி குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். புரட்டாசி அமாவாசை என்பது மகாளய அமாவாசை. இராமேஸ்வரத்திலும் சேதுக்கரையிலும் தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்தில் அறை கிடைக்காது, கரையில் கால் வைக்கவும் இடமிருக்காது. அதற்கு ஐந்தாறு நாள் முன்னதாக வாருங்கள். நிலவு நள்ளிரவுக்குப் பிறகே எழும்; அதற்குள் நம் வேலை முடிந்துவிடும்.

அன்புடன்,
மண்டபத்து ஸ்டுடியோக்காரன்