ஷெர்சருக்கு முன் ஆறாவது ஆளை எண்ணுங்கள்

ஆசிரியருக்கு,

மூத்த வீச்சாளர் மக்ஸ் ஷெர்சரை ரொறன்ரோவின் பேஸ்போல் அணியான புளூ ஜேஸ் மறுபடியும் எடுக்கலாமா என்று கடந்த இரண்டு இதழ்களிலும் வாசகர்கள் மல்லுக்கட்டியிருந்தார்கள். "41 வயதுக்காரருக்கு ஏன் காசைக் கொட்டுவது" என்கிறது ஒரு தரப்பு. "உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் அவர் வீசியதை மறந்துபோனீர்களா" என்கிறது மற்றது. ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து வீச்சாளர்கள் முறைவைத்து வீசும் அணியில், அவர் காயப்பட்டு விழுந்தால் அந்த இன்னிங்ஸை வீசும் ஆறாவது ஆள் யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் எந்த மூத்த வீச்சாளரின் விலையையும் பேச முடியாது.

2025 கணக்கை முதலில் பார்ப்போம். ஓராண்டு ஒப்பந்தம், 15.5 மில்லியன் அமெரிக்க டொலர். மார்ச் 29இல் மூன்று இன்னிங்ஸ் வீசியதோடு அவர் காயப் பட்டியலுக்குப் போனார். வலது கட்டைவிரல் பழைய வில்லங்கம். கட்டைவிரல் நொந்தால் பந்தைப் பிடிக்கும் இறுக்கம் மாறும். அந்தக் குறையை முன்கையும் தோளும் முதுகுத் தசையும் சுமக்கும். கடைசியில் வலி வேறோர் இடத்தில் கிளம்பும். திரும்பி வந்தது யூன் 25. மொத்தம் 17 ஆட்டங்கள், 85 இன்னிங்ஸ், ஒன்பது இன்னிங்ஸுக்கு 5.19 ரன் என்ற சராசரி.

அவருக்குப் பதிலாக மைனர் லீக்கின் மேல்படியான ட்ரிபிள் ஏயிலிருந்து யாரையாவது ஏற்றி, அவர் 6 ரன் சராசரியில் வீசியிருந்தார் என்று வைப்போம். 85ஐ ஒன்பதால் வகுத்தால் 9.4. அதை 0.81 வித்தியாசத்தால் பெருக்கினால் எட்டு ரன்கூட வரவில்லை. பத்து ரன் ஏறக்குறைய ஒரு வெற்றி என்பது பேஸ்போல் கணக்கர்களின் பழைய வாய்பாடு. ஆக, 162 ஆட்டப் பருவத்தில் 15.5 மில்லியனுக்குக் கிடைத்தது ஒரு முழு வெற்றிகூட இல்லை.

பருவம் முடிந்து கோப்பைச் சுற்றுகள் நடக்கும் ஒக்டோபர் வேறு கதைதான். நியூயோர்க் யாங்கீஸுக்கு எதிரான சுற்றில் அவருக்கு அணியில் இடமே இல்லை. அடுத்த சுற்றில் சியாற்றிலில் நடந்த நான்காவது ஆட்டத்தில் 5⅔ இன்னிங்ஸ் வீசி இரண்டே ரன் கொடுத்து வென்றார். உலகத் தொடர் ஏழாவது ஆட்டத்தில் 4⅓ இன்னிங்ஸ், ஒரு ரன். அந்த இரண்டு இரவுகளுக்கே காசு செரித்துவிட்டது என்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் ஒக்டோபர் வரை அணியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் யார்? எரிக் லாவர். 2024இல் கொரியாவின் கியா அணியில் வீசிவிட்டு, மைனர் லீக் ஒப்பந்தத்தில் வந்தவர். ஷெர்சர் இல்லை, போடன் பிரான்சிஸும் 6.05 சராசரியோடு தோள் வலியில் போய்விட்டார். அப்படிப்பட்ட பருவத்தில் லாவர் 104⅔ இன்னிங்ஸ் வீசி, 3.18 சராசரியில் 9 வெற்றி 2 தோல்வி என்று முடித்தார். ஜேஸும் யாங்கீஸும் ஆளுக்கு 94 வெற்றி. நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களில் ஜேஸ் முன்னுக்கு நின்றதால்தான் பிரிவுப் பட்டம் ரொறன்ரோவுக்கு. லாவர் இல்லாமல் ஒரே ஒரு ஆட்டம் பிசகியிருந்தால் பட்டம் நியூயோர்க்குக்குப் போயிருக்கும்.

ஆறாவது ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அதே ஆண்டு பால்ரிமோரில் பார்த்தோம். அங்குள்ள ஓரியோல்ஸ் அணியின் முதன்மை வீச்சாளர் கோர்பின் பேர்ன்ஸ் ஆறு ஆண்டு, 210 மில்லியன் ஒப்பந்தத்தில் அரிசோனாவுக்குப் போனார். ஓரியோல்ஸ் அவருக்குப் பதிலாகச் சில்லறையாக வாங்கியது: 41 வயது சார்லி மோர்ட்டனுக்கு 15 மில்லியன், ஜப்பானிலிருந்து வந்த 35 வயது டொமொயுகி சுகானோவுக்கு 13, 37 வயது கைல் கிப்சனுக்கு 5.25. கூட்டினால் 33.25 மில்லியன்; பேர்ன்ஸின் ஓராண்டுச் சராசரி 35. காகிதத்தில் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் கைல் பிராடிஷும் டைலர் வெல்ஸும் முழங்கைச் சத்திரசிகிச்சையிலிருந்து தேறிக்கொண்டிருந்தார்கள். கிரேசன் ரொட்ரிகஸ் அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்தில்கூட வீசவில்லை. சாக் எஃப்லின் காயப் பட்டியலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். ஐந்தாவது இடத்துக்கு ஏற்ற மோர்ட்டன் முன்வரிசையைச் சுமக்க வேண்டியதாயிற்று. அவர் கணக்கில் முதலில் விழுந்த ஏழு முடிவுகளும் தோல்வி.

கிப்சன் விவகாரம் இன்னும் படிப்பினையானது. கையெழுத்திட்டதே மார்ச் பிற்பகுதியில். தொடக்க வீச்சாளரின் கையை 30, 45, 60, 75 பந்துகள் என்று ஐந்து நாளுக்கு ஒரு படியாக ஏற்ற வேண்டும். நாலு முதல் ஆறு கிழமை பிடிக்கும். ஏப்ரல் முடியும்போதுதான் வந்தார். நாலு ஆட்டங்கள், 12⅓ இன்னிங்ஸ், சராசரி 16.78, மே மாதத்திலேயே வெளியே. அதே மாதம் மேலாளர் பிராண்டன் ஹைடின் வேலையும் போனது. ஓரியோல்ஸ் 75 வெற்றி, 87 தோல்வியோடு பிரிவில் கடைசி.

"பார்த்தீர்களா, இளைஞர் பேர்ன்ஸைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்" என்று முடிவுகட்ட முந்துகிறவர்கள் சற்றுப் பொறுங்கள். பேர்ன்ஸ் 11 ஆட்டங்களோடு முழங்கை கிழிந்து யூனில் கத்திக்குப் போனார். அரிசோனாவின் கணக்கில் இன்னும் ஐந்து ஆண்டு பாக்கி. மூத்தவரோடு ஓராண்டு ஒப்பந்தம் போட்டால் நட்டம் ஓராண்டோடு தீரும். ஷெர்சரைப் போலக் குவாலிஃபையிங் ஓஃபரை (விலகும் வீரருக்குப் பழைய அணி நீட்டும் ஓராண்டு ஒப்பந்தம்; அதை மறுத்தவரை எடுக்கும் அணி டிராஃப்ட் தெரிவை இழக்கும்) முன்பே ஒருமுறை பெற்றவருக்கு அதை மறுபடி கொடுக்க முடியாது. ஆகவே அவரை எடுப்பதால் இளம் வீரரைப் பிடிக்கும் டிராஃப்ட் தெரிவையும் இழக்க வேண்டியதில்லை.

மூத்தவர்களே வேண்டாம் என்பதற்குச் சான்றாக, 2025இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வீசிய வேர்லாண்டரின் "4 வெற்றி 11 தோல்வி"யைக் காட்டிய வாசகருக்கு ஒரு வரி: 42 வயதில் 15 மில்லியனுக்கு 152 இன்னிங்ஸ், 3.85 சராசரி. அதில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை. சான் பிரான்சிஸ்கோ மட்டையாளர்கள் ரன் எடுக்காததற்கு அவர் என்ன செய்வார்?

இனி 2026இல் ஜேஸின் தொடக்க வீச்சாளர்கள்: காஸ்மன், ஏழு ஆண்டு 210 மில்லியனுக்கு வந்த டிலன் சீஸ், யெசாவேஜ், பீபர், பெரியோஸ், மூன்று ஆண்டு 30 மில்லியனுக்கு வந்த கோடி பொன்ஸ், லாவர். ஏழு பேர், தாராளம் என்று தோன்றும். ஆனால் யெசாவேஜுக்கு 22 வயது, மேஜர் லீக்கில் முழுப் பருவம் ஒன்றுகூட வீசியதில்லை. பீபர் முழங்கைச் சத்திரசிகிச்சைக்குப் பின் ஜேஸுக்காக 162 ஆட்டப் பருவத்தில் ஏழே ஆட்டங்கள்தான் தொடங்கினார். பெரியோஸின் பருவம் முழங்கை வீக்கத்தோடு முடிந்தது. ஆகவே எட்டாவது ஆள் வீண் ஆடம்பரம் இல்லை.

விலைதான் கேள்வி. ஜேஸ் 2025இல் சொகுசு வரி, அதாவது மொத்தச் சம்பளம் ஓர் எல்லையைத் தாண்டினால் லீக்குக்குக் கட்டும் வரி, கட்டிய அணி. தொடர்ந்து இரண்டாம் ஆண்டும் எல்லையைத் தாண்டினால் அடிப்படை வரி 30 சதவீதம். 2026 எல்லை 244 மில்லியன். அதற்கு மேல் 60 மில்லியனைத் தாண்டிய ஒவ்வொரு டொலருக்கும் இன்னொரு 60 சதவீதம் ஏறும். அந்தப் படியில் நின்று பழைய 15.5 மில்லியனைக் கொடுத்தால், வரியோடு சேர்த்து 29.45 மில்லியன். அந்த விலைக்கு நான் கைதூக்கமாட்டேன்.

அடிச்சம்பளம் ஐந்து மில்லியனுக்குள் இருக்கட்டும். மிச்சத்தை ஊக்கத்தொகையாகக் கொடுக்கலாம். வெற்றிக்கும் ரன் சராசரிக்கும் ஊக்கத்தொகை எழுத விதி இடந்தராது. ஆட்டம், இன்னிங்ஸ், அணியில் இருந்த நாட்கள் இவற்றுக்கு எழுதலாம். பத்துப் பத்து இன்னிங்ஸாகப் படிவைத்து எழுதினால், கட்டைவிரல் மறுபடி படுத்தினாலும் அணியின் பை காலியாகாது. ஊக்கத்தொகையும் வரிக் கணக்கில் சேரும், ஆனால் அவர் ஈட்டியது மட்டுமே.

இன்னொன்று: 85 இன்னிங்ஸை 17 ஆட்டங்களால் வகுத்தால் சரியாக ஐந்து. அவர் வீசும் ஒவ்வொரு நாளும் புல்பென், அதாவது இடையில் இறங்கும் மாற்று வீச்சாளர்கள், மிச்ச நாலு இன்னிங்ஸையும் சுமக்க வேண்டும். 26 பேர் அணியில் வீச்சாளர் 13க்கு மேல் கூடாது. ஐந்து தொடக்க வீச்சாளர் போக எட்டுப் பேர். இப்படி ஐந்து இன்னிங்ஸோடு நிற்பவர் இரண்டு பேர் அடுத்தடுத்த நாட்களில் வந்தால் மூன்றாம் நாள் புல்பென்னில் கை மிஞ்சாது. ஐந்து ஆண்டுச் சேவை தாண்டியவரை அவர் சம்மதமின்றி மைனருக்கு அனுப்பி இடம் பிடிக்கவும் முடியாது. எனவே ஷெர்சர் வந்தால், கூடுதல் இன்னிங்ஸ் வீசிப் புல்பென்னுக்கு ஓய்வு தரும் காஸ்மனுக்கோ சீஸுக்கோ அடுத்த நாளில் வீசட்டும். மட்டை வரிசை இரண்டு சுற்று முடிந்ததும், 18 மட்டையாளரோடு, மேலாளர் அவரிடமிருந்து பந்தை வாங்கிக்கொள்ளட்டும். லாவரின் ஆட்டங்களை எடுத்து இவருக்குக் கொடுப்பதாக இருந்தால் மட்டும் கையெழுத்தே வேண்டாம். போடுவதானால் பெப்ரவரியில் போடுங்கள். மார்ச் முடியும்வரை இழுத்தால் அவர் கை தயாராக மே ஆகிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்காபரோ