முடி நட்டாயிற்று, தலையை யார் கழுவுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழின் உடல்நலப் பகுதியில், பின்னந்தலை முடியை வேரோடு எடுத்து வழுக்கையில் நடும் முடி மாற்று சிகிச்சை பற்றி நான்கு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். படங்கள் பிரமாதம். சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்ததைப் பார்த்து எங்கள் வீட்டுக்காரரே ஒரு நிமிடம் கண்ணாடி முன்னால் போய் நின்றார். கட்டுரையின் கடைசிப் பத்தியில், "நட்ட மூன்றாம் நாளே எப்போதும்போலத் தலைக்குக் குளித்துவிட்டு வேலைக்குப் போகலாம். தனியாகப் பராமரிப்பு எதுவும் தேவையில்லை" என்று ஒரு வரி இருந்தது. அதை எழுதியவர் முடி நட்ட தலையில் ஒரு குவளைத் தண்ணீராவது ஊற்றிப் பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். நான் ஊற்றியிருக்கிறேன்.

என் தம்பிக்குப் போன வருடம் இந்தச் சிகிச்சை நடந்தது. கல்யாணப் பேச்சு எடுத்திருந்த நேரம். பெண் வீட்டார் ஒன்றும் கேட்கவில்லை, அவனுக்கே ஒரு கூச்சம். எந்த கிளினிக் என்று நான் எழுதப் போவதில்லை, எழுதினாலும் நீங்கள் போடப் போவதில்லை. பணம் கட்டும்வரை அங்கிருந்து ஒரு பெண் "அண்ணா, அண்ணா" என்று நாள் தவறாமல் கூப்பிட்டாள். நட்டு முடித்த அன்று சாயங்காலம் கையில் ஒரு ஸ்ப்ரே பாட்டில், ஒரு மாத்திரைப் பை, ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள் கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தாளில் "மென்மையாகக் கழுவவும்" என்று ஒரே வரி. எப்படி, எதனால், எத்தனை நாள், யார் என்று எதுவும் இல்லை. மறுநாள் கேட்கலாமென்றால் அந்த "அண்ணா" தங்கச்சி போனையே எடுக்கவில்லை.

ஐயா, தன் உச்சந்தலையைத் தானே பார்த்துக்கொள்ள முடியாது. இது உங்களுக்குத் தெரியாததா? அதனால் இந்த வேலை வீட்டில் இருக்கும் அம்மா, அக்கா, மனைவி தலையில்தான் வந்து விழும். எங்கள் வீட்டில் என் தலையில் விழுந்தது. எனக்குச் சொல்லிக் கொடுத்தது கிளினிக் இல்லை, உங்கள் பத்திரிகையும் இல்லை. எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தோல் மருத்துவர், ஒரு பைசா வாங்காமல், வாசலில் நின்றபடி சொன்னார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நட்ட வேர் முதல் சில நாட்கள் உறைந்த ரத்தத்தின் பிடியில்தான் நிற்கிறது, தோலோடு சேர்ந்து பிடிக்க நாளாகும். இதை 2006-இல் பெர்ன்ஸ்டீன், ராஸ்மன் என்ற அமெரிக்க மருத்துவர்கள் நட்ட முடிகளை இழுத்தே சோதித்து எழுதியிருக்கிறார்களாம். முதல் ஐந்து நாளுக்குள் பொருக்கைப் பிடித்து இழுத்தால் வேரும் கூடவே வந்துவிடுகிறது, பத்தாம் நாளுக்குமேல் அந்தப் பயமில்லை. அப்படியிருக்க, மூன்றாம் நாள் எப்போதும்போலக் குளி என்று நீங்கள் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் எப்போதும்போலக் குளிப்பது என்றால் மாடித் தொட்டியிலிருந்து ஷவரில் தடதடவென்று இறங்கும் போர் தண்ணீரில் நின்று, தலையைப் பரபரவென்று தேய்த்து, முரட்டுத் துண்டால் துவட்டுவது. லட்ச ரூபாய் வேர்கள் சாக்கடையில் போயிருக்கும்.

முதல் கழுவலே இடத்துக்கு இடம் மாறுகிறது. சிலர் மறுநாளே கழுவச் சொல்கிறார்கள், சிலர் இரண்டு மூன்று நாள் பொறுக்கச் சொல்கிறார்கள். ஒழுங்கான இடங்களில் முதல் தடவை கிளினிக்குக்கே வரச் சொல்லி, தாங்களே கழுவி, கூட வந்தவருக்கும் காட்டிக் கொடுக்கிறார்கள். இஸ்தான்புல் போய் நட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. அதுவரைக்கும் சலைனை, அதாவது உப்புக் கரைசலை, மணிக்கொரு தரம், இரண்டு மணிக்கொரு தரம் பனிபோலத் தெளித்து ஈரமாக வைத்திருக்க வேண்டும்.

கழுவும்போது ஷாம்பூவை நேராகத் தலையில் ஊற்றக் கூடாது. உள்ளங்கையிலோ குவளையிலோ தண்ணீர் விட்டு நுரை பொங்க அடித்து, அந்த நுரையை மட்டும் நட்ட இடத்தில் ஒற்ற வேண்டும். விரல் நகராமல், மேலிருந்து கீழே வைத்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். சில நிமிடம் ஊறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைக் குவளையில் எடுத்துத் தலைக்கு வெகு அருகில் பிடித்து மெல்லச் சரிக்க வேண்டும். வேர் எடுத்த பின்னந்தலையை விரல் நுனியால் லேசாகத் தடவிக் கழுவலாம், அங்கே மரத்துப் போயிருக்கும், அரிக்கவும் செய்யும். துண்டை நட்ட இடத்தில் படவிடாமல் காற்றிலேயே உலரவிட வேண்டும். ஒரு வாரம் பத்து நாள் போனபிறகுதான் நுரையோடு சேர்த்து விரல் நுனியால் மெதுவாக உருட்டிப் பொருக்கை இளக்க வேண்டும். நகம் மட்டும் எப்போதும் கூடாது. அதே சமயம் பயந்துபோய்க் கழுவாமலே விட்டாலும் தப்புதான், பொருக்கு தடித்து அதனடியில் சீழ் வைக்கும். தம்பி முதலில் தலையைத் தொடவே விடமாட்டேன் என்றான். அவனைக் குளியலறைக்குள் இழுப்பதற்கே எனக்கு அரை நாள் ஆயிற்று.

வேலைக்குப் போகலாம் என்றீர்களே, எதில் போவது? மதுரையில் பைக்கில்தான் போகவேண்டும், பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் போனால் அபராதம், போட்டால் வேர் உரசிப் போகும். இரண்டு வாரமாவது ஹெல்மெட் கூடாது என்றார் மருத்துவர். இரண்டாம் நாளிலிருந்து நெற்றி வீங்கி, வீக்கம் மெல்ல இறங்கிக் கண்ணுக்கு வந்து, தம்பி கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தான். தலையணைகளை அடுக்கி, தலையைத் தூக்கி வைத்து, மல்லாந்தே தூங்க வேண்டும். இந்த முகத்தோடு ஆபீசில் போய் உட்காரச் சொல்கிறது உங்கள் பத்திரிகை. இது துளையிட்டு வேர் எடுக்கும் முறையின் கதை. பின்னந்தலையில் தோலைப் பட்டையாக வெட்டி எடுக்கும் முறை என்றால் தையலும் இருக்கும், அதைப் பிரிக்கவே பத்துப் பதினான்கு நாளாகும். நான்கு பக்கக் கட்டுரையில் இரண்டு முறைகள் இருக்கின்றன என்பதற்குக்கூட இடமில்லை.

அப்புறம் சொந்தக்காரர்கள். பெரியம்மா பார்க்க வந்துவிட்டு, "ஏண்டா, தலை இப்படிக் காஞ்சு கெடக்கு, ஒரு கை நல்லெண்ணெய் வச்சா என்ன?" என்று கிண்ணத்தோடு கிளம்பிவிட்டார். அவரைத் தடுத்ததற்கு இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை எண்ணெய், சீயக்காய், அரப்பு என்று எழுதி எழுதி வளர்த்தது நீங்கள்தானே. அதே பக்கத்தில் வெங்காயச் சாறு தடவினால் வழுக்கையில் முடி முளைக்கும் என்று அடிக்கடி வரும். அதை நம்பித் தம்பி மாதக்கணக்கில் வெங்காய வாடையோடு திரிந்தான். முளைத்திருந்தால் லட்சம் ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

ஒரு மாதம் நெருங்கும்போது நட்ட முடியெல்லாம் கொட்டத் தொடங்கியது. அம்மா தலையணை உறையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். மறுபடி அந்த மருத்துவரிடம்தான் ஓடினேன். முதல் நாட்களில் ரத்தத்தோடு வந்தால்தான் வேர் பிடுங்கிக்கொண்டது என்று அர்த்தம், இப்போது கொட்டுவது வெறும் தண்டு, வேர் உள்ளே இருக்கிறது, மூன்று நான்கு மாதத்தில் துளிர்க்கும், முழுசாகத் தெரிய ஒரு வருடம் ஆகும் என்றார். சொன்னபடியே நடந்தது. இந்த நான்கு வரி உங்கள் கட்டுரையிலோ அந்த கிளினிக் தாளிலோ இருந்திருந்தால் அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை கூடியிருக்காது. பக்கத்திலுள்ள பழைய முடி தொடர்ந்து உதிரும், அதற்கு வேறு மருந்து வேண்டியிருக்கும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

2016-இல் சென்னையில் ஓர் அழகு நிலையத்தில் முடி நட்டுக்கொண்ட மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது நீங்களும் கொதித்தெழுந்து எழுதினீர்கள், இரண்டு இதழுக்கு. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், யூடியூபிலும் பயிலரங்கிலும் பார்த்துக் கற்றுக்கொண்டு முடி நடக் கூடாது, முறையாகப் பயிற்சி பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. அது உங்கள் பத்திரிகையில் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. வந்தது என்னவோ, கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் முழுப்பக்கத்துக்குச் சிரிக்கும் ஒரு கிளினிக் விளம்பரம். கட்டுரையும் விளம்பரமும் ஒரே நிறம், ஒரே எழுத்து. எது எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க எனக்குக் கண்ணாடி போட்டும் முடியவில்லை. தற்செயலாகத்தான் இருக்கும்.

கழுவுவது எப்படி என்று அப்போதே உங்கள் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதிக் கேட்டேன். ஆறு மாதம் கழித்து "தகுந்த மருத்துவரை அணுகவும்" என்று பதில் வந்தது. அதற்குள் தம்பிக்கு முடி முளைத்து, கல்யாணமும் முடிந்துவிட்டது. இருந்தாலும் நன்றி. முன்பு சாலைப் பள்ளம் பற்றி நான் எழுதிய கடிதத்தை, பள்ளத்தை விட்டுவிட்டு உங்களைப் பாராட்டிய இரண்டு வரியை மட்டும் போட்டீர்களே, அதற்கும் சேர்த்து.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரி தவறு என்று அடுத்த இதழில் சின்னதாக ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே, முதல் இரண்டு வாரம் தலையை எப்படிக் கழுவுவது என்று ஒரு தோல் மருத்துவரிடம் கேட்டு, தமிழில், வெட்டிக் குளியலறைக் கதவில் ஒட்டும் அளவுக்கு ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். இடமில்லை என்றால் நகைச்சுவைப் பக்கத்தில் வாராவாரம் வரும் வழுக்கை ஜோக்கை ஒரே ஒரு வாரம் நிறுத்தினால் போதும், தாராளமாக இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்,
மதுரை.

பி.கு.: வழக்கம்போல இந்தக் கடிதத்தையும் சுருக்குவீர்கள். படங்களைப் பாராட்டியதை வெட்டிவிடுங்கள், தண்ணீர் ஊற்றும் பகுதியில் கை வைக்க வேண்டாம்.