தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டப்படும் கைகள் குறித்து ஒரு திறந்த மடல்

வட மாகாணத்தின் வைத்தியசாலைகளை நிர்வகிப்போருக்கும் தாதியர் கல்விக்குப் பொறுப்பானோருக்கும்,

வணக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவள் நான். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஆண்டுகளில் எத்தனை நோயாளரின் மணிக்கட்டுகளைப் பண்டேஜால் கட்டிலோடு கட்டினேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. கொடுத்த மருந்தை மில்லிகிராம் தவறாமல் பதிந்த நாங்கள், கட்டிய நேரத்தையும் அவிழ்த்த நேரத்தையும் எங்கும் பதியவில்லை; பதியும்படி எவரும் கேட்கவுமில்லை.

வென்டிலேட்டர் என்னும் செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த ஒருவரை, தொண்டைக்குள் விட்ட சுவாசக்குழாயைப் பிடுங்கிவிடாதிருக்க, ஓர் இரவு அப்படித்தான் கட்டினேன். மயக்க மருந்து குறையக் குறைய அவர் கட்டை இழுத்தார். மணிக்கட்டுத் தோல் உரிந்தது. அலட்டுகிறார் என்று சொல்லி இன்னும் இறுக்கினோம். குழாய் எடுத்த பின் அவர் மனைவியிடம் முதலில் கேட்டது, "அவங்கள் போயிட்டாங்களோ?" என்பதுதான். போர்க்காலச் சுற்றிவளைப்பு ஒன்றில் கைகள் கட்டப்பட்டுக் கொண்டு செல்லப்பட்டவர் அவர் என்பதை அந்த அம்மா சொல்லித்தான் அறிந்தேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, கண் விழிக்கும்போது கை கட்டப்பட்டிருந்தால் இங்குள்ள ஒருவருக்கு என்னவெல்லாம் நினைவு வரும் என்று அதற்கு முன் தோன்றவேயில்லை.

தாதியர் இரக்கமற்றவர்கள் அல்லர். சுவாசக்குழாய் பிடுங்கப்பட்டால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். போனால், கடமையில் இருந்தது யார் என்பதே விசாரணையின் முதற் கேள்வி. "கட்டித்தான் இருந்தேன்" என்பது அந்தக் கேள்விக்கான கவசம். நோயாளியின் நன்மைக்காகக் கட்டுகிறோம் என்று நம்பிக்கொண்டே பயத்தினாலும் கட்டினோம். அதையே இளையவர்களுக்கும் பழக்கினோம்.

ஆனால் குழாயைத் தாமே பிடுங்கியவர்களுள் பலர் அப்போது கட்டப்பட்டே இருந்தார்கள் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஐரோப்பாவின் 9 நாடுகளில் 34 தீவிர சிகிச்சைப் பிரிவுகளைப் பார்த்து 2010இல் வெளியான ஆய்வொன்றில் மூன்றிலொரு பங்கு நோயாளர் கட்டப்பட்டிருந்தனர். எனினும் சில பிரிவுகளில் ஒருவர்கூட இல்லை, வேறு சிலவற்றில் அனைவருமே கட்டப்பட்டிருந்தனர். இத்தனை பெரிய வேறுபாட்டுக்கு நோயின் கடுமை மட்டும் காரணமாக இருக்க முடியாது. பிரிவின் வழக்கமும் சேர்ந்தே கையைக் கட்டுகிறது. பிரித்தானியாவில் வென்டிலேட்டரில் உள்ள ஒருவருக்கு ஒரு தாதி என்பது நியமம். அங்கே கட்டுவது அரிது. அந்த ஆளணி இங்கே நாளையே வராது என்பதை நான் அறிவேன்.

ஆளணி வரும்வரை காத்திராமல் செய்யக்கூடியவை உண்டு. வைத்தியரின் எழுத்துமூல உத்தரவின்றிக் கட்டக்கூடாது என்றும், அந்த உத்தரவு 24 மணித்தியாலத்துடன் முடிவடையும் என்றும் ஒரு சுற்றறிக்கை வெளியிடுங்கள். நோயாளி அமைதியிழந்தால் நோ, சிறுநீர் முட்டல், ஒட்சிசன் குறைவு ஆகியவற்றை முதலில் பார்ப்பதும், நம் முன்னோர் சன்னி என்று சொன்ன அந்தப் புத்தித் தடுமாற்றத்தை ஒவ்வொரு கடமை நேரத்திலும் பரிசோதிப்பதும் கட்டாயமாகட்டும். பார்வை நேரம் முடிந்தது என்று வெளியே அனுப்பப்படும் மனைவியையோ மகளையோ கட்டிலருகே இருத்திவையுங்கள். தெரிந்த குரல் ஒன்று பல கட்டுகளை அவிழ்த்ததை நான் கண்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியின் நிலையை ஆராய்ந்து காரணத்தையும் எழுதிவைத்து, கட்டாமல் விட்ட தாதியை, குழாய் கழன்றுவிட்டது என்பதற்காகத் தண்டிக்காதீர்கள்.

அந்தச் சுற்றறிக்கையை எழுதும் மேசையில் இரவுக் கடமை பார்க்கும் இளம் தாதியர் சிலருக்கும் இடம் கொடுங்கள்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
யாழ்ப்பாணம்