ஐஎஸ்ஓவுக்குப் பயப்படாதே

சுங்கை சிப்புட், பேராக்

அன்பு நண்பா,

கடிதமும் படங்களும் கிடைத்தன. உன் மகளின் அரங்கேற்றப் படங்களை வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். என்ன முகபாவம் அந்தப் பிள்ளைக்கு! ஆனால் பாதிப் படங்களில் முத்திரை பிடிக்கும் விரல்கள் கலங்கிப் போயிருக்கின்றன. நாய்ஸ், அதாவது படத்தில் பொரிப்பொரியாகப் புள்ளிகள், வந்துவிடும் என்று ஐஎஸ்ஓவை (கிடைத்த ஒளியைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற எண்ணை) 800க்கு மேல் ஏற்றவில்லை என எழுதியிருந்தாய். அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அதற்கு முன் ஊர்ச் செய்தி. பழைய லயத்தில், அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இப்போது ஆள் இருக்கும் வீடுகள் குறைவு. நாம் ஓடி விளையாடிய பால்மரக்காடு, அந்த ரப்பர் தோட்டம், இப்போது முழுக்கச் செம்பனை. மேல்வீட்டுப் பெரியம்மா மட்டும் ஒரு சிறுதோட்டத்தில் இன்னும் பாலெடுக்க ரப்பர் மரம் சீவப் போகிறார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடியுமுன்னே, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் அனுமதியோடு நானும் கேமராவுடன் போகிறேன்.

அந்த இருட்டில் முதலில் ஷட்டர் வேகத்தைத்தான், அதாவது ஒளி உள்ளே விழும் நேரத்தைத்தான், முடிவு செய்வேன். கத்தியை இழுக்கும் கை தெளிவாக விழ 1/125 வினாடியாவது வேண்டும். அப்புறம் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8க்குத் திறந்துவிடுவேன் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது). மீதியை ஐஎஸ்ஓ ஈடுகட்டட்டும், 6400 ஆனாலும் சரி. நான் 800இலேயே நின்றால் அதே வெளிச்சத்துக்கு 1/15 வினாடி ஆகிவிடும், கை பனிமூட்டமாகத்தான் தெரியும். புள்ளிகளைப் பிறகு மென்பொருளில் ஓரளவு குறைக்கலாம். அசைந்து கலங்கிய விரலை எதைக்கொண்டு மீட்பது?

புள்ளிகளுக்கு முக்கியக் காரணம் ஐஎஸ்ஓ எண் இல்லை, வெளிச்சம் போதாததுதான். கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாரில் ஒளி துளித்துளியாக வந்து விழுகிறது, கூரை ஓட்டின் மேல் மழை விழுகிற மாதிரி. தூறலில் ஓர் ஓடு நனையும், பக்கத்து ஓடு காய்ந்து கிடக்கும். அடைமழையில் எல்லாம் ஒரே சீராக நனைந்துவிடும். ஒளி நான்கு மடங்கானால், படத்தோடு ஒப்பிட அதன் புள்ளித்தன்மை பாதியாகும். ஐஎஸ்ஓ கிடைத்த ஒளியைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். குறைந்த ஐஎஸ்ஓவில் இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் வெளிச்சம் கூட்டினாலும் புள்ளிகள் குறையாது, பழைய கேமராக்களில் இன்னும் அதிகமாகவே தெரியும். நம் ஆட்களின் கறுத்த முகங்கள்தான் இதில் முதலில் அடிபடுகின்றன. அது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. முகத்துக்குச் சரியான ஒளியைப் படம் எடுக்கும்போதே கொடுத்துவிடு.

ஐஎஸ்ஓவை ஏற்றுவதற்கும் ஒரு விலை உண்டு. ஒவ்வொரு முறை அது இரட்டிப்பாகும்போதும் வெளிச்சமான பகுதிகள் வெளுத்துப்போகும் எல்லை ஒரு ஸ்டாப் (பாதி ஒளி அளவு) நெருங்கி வருகிறது. அடுத்த மாதம் மாரியம்மன் கோயில் தீமிதியில் இதுதான் சோதனை. தீக்குழி படத்தின் சட்டத்துக்குள் இருந்தால் ஒளியை அளக்கும் கேமராவின் மீட்டர் அதைப் பார்த்து ஏமாந்து முகங்களை இருட்டாக்கிவிடும். ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை முகத்தில் வைத்து அளந்துகொள். கங்கின் நடுப்பகுதி கொஞ்சம் வெளுத்தால் போகட்டும், ஆனால் மஞ்சள் துணியின் நிறம் போகும் அளவுக்கு ஏற்றாதே. கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பான ரா ஃபைலில் எடு, பிறகு சரிசெய்ய இடம் இருக்கும்.

புது கேமரா வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். பொறு. கேமராவோடு வந்த உன் கிட் லென்ஸ் முழு ஜூமில் எஃப் 5.6. அதைவிட எஃப் 1.8 ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். முதலில் அந்த லென்ஸை வாங்கு, செலவும் குறைவு.

தீமிதிக்கு முந்தின நாளே குடும்பத்தோடு வந்துவிடு. அரங்கேற்றத்தில் எடுத்த ரா ஃபைல்களையும் கொண்டு வா, எதைத் தேற்றலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி