பசைத் தாளை எடுத்துவிட்டு ஊசியைக் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் கைவேலைப் பகுதியில், பழைய பட்டுப்புடவைத் துண்டுகளை வைத்து கிரேஸி க்வில்ட், அதாவது கண்டபடி வெட்டிய துண்டுகளை இணைத்து எம்பிராய்டரி போடும் விரிப்பு, செய்யும் முறையைப் போட்டிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகை ஒன்று இதைக் கண்டுகொண்டதே என்று முதலில் சந்தோஷம்தான். செய்முறையைப் படித்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. துண்டுகளைப் பசைத் தாள் வைத்து இஸ்திரி போட்டு ஒட்ட வேண்டுமாம், மேலே மிஷினில் ஜிக்ஜாக் ஓட்ட வேண்டுமாம், மணிகளை க்ளூ கன்னால் ஒட்டினால் ஒரே மத்தியானத்தில் திவான் விரிப்பு தயாராம். செம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இந்த வேலையைச் செய்துகொண்டும், வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருக்கிறவள் நான். இந்தக் குறிப்பை நம்பி யாராவது ஒரு நல்ல பட்டைப் பாழாக்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

இந்த வேலையில் துண்டுகள் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். முக்கோணமோ ஐந்து மூலையோ, வெல்வெட்டோ பட்டோ, கேள்வி கிடையாது. ஆனால் இரண்டு துண்டுகள் சேருகிற ஒவ்வொரு மூட்டின் மேலும் கையால் போட்ட எம்பிராய்டரி ஓட வேண்டும். கண்ணுக்கு அதுதான் முதலில் தெரியும். அதை ஜிக்ஜாக்காக மாற்றிவிட்டால் மிஞ்சுவது ஒட்டுப்போட்ட துணி.

அமெரிக்காவில் 1880-களில் இது ஒரு பைத்தியமாகவே பரவியது. 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த பெரிய பொருட்காட்சியில் ஜப்பான் அரங்கைப் பார்த்து மயங்கியதும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். அங்கிருந்த சாமான்களின் ஒழுங்கில்லாத அழகும், பீங்கான் மெருகில் ஓடிய விரிசல் கோடுகளும் பெண்களின் கைவேலையில் இறங்கிவிட்டன. அந்த விரிப்புகள் குளிருக்குப் போர்த்திக்கொள்ள அல்ல, வரவேற்பறையில் நாலு பேர் பார்க்கப் போட்டுவைக்க. உள்ளே பஞ்சு வைப்பதுகூட அபூர்வம். நம் மும்பைப் பக்கத்து கோதடி நேர் எதிர்: பழைய புடவைகளை அடுக்கி, எல்லா அடுக்கையும் சேர்த்து ஓடு தையல் போட்டு, தினமும் போர்த்தி, துவைத்து, மொட்டைமாடியில் காயப்போடுவது. இரண்டும் துணி மிச்சத்தில் பிறந்தவைதான், ஆனால் செய்முறை வேறு. உங்கள் கட்டுரை இரண்டையும் குழப்பி, பட்டுக்கு மேல் மணி வைத்ததை 'வாஷிங் மிஷினில் போடலாம்' என்கிறது. தயவுசெய்து போடாதீர்கள்.

அப்புறம் பட்டு. அந்தக் காலத்து மேல்நாட்டு வியாபாரிகள் பட்டை எடைக்கு விற்றார்கள். பட்டு நூலின் இயற்கைப் பசையை நீக்கும்போது குறைந்த எடையை ஈடுகட்ட உலோக உப்புக் கரைசலில் ஊறவைத்தார்கள். வாங்கும்போது கனமாக, மொரமொரவென்று இருந்த அந்தத் துணி வருஷம் போகப்போகத் தானாகவே நார்நாராகக் கிழிந்தது. அப்போது செய்த பல விரிப்புகளில் இன்று பட்டு போய்விட்டது, மேலே போட்ட தையல் மட்டும் அப்படியே நிற்கிறது. நம் பீரோவிலும் இதன் தம்பி உண்டு. வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்த புடவை அந்த மடிப்பில்தான் முதலில் விரியும். அதனால் வெட்டுவதற்கு முன் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். சரசரவென்று விட்டுக்கொடுத்தால் அந்த இடம் வேண்டாம். எவ்வளவு நல்ல பசையும் அதைக் காப்பாற்றாது. வழுக்கும் சாட்டினுக்கு அடியில் மெல்லிய கேன்வாஸ் வைப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் முழுத் துணியையும் பசைத் தாளில் ஒட்டிவிட்டால் அட்டை மாதிரி விறைத்து ஊசி ஏறாது, விரல்தான் புண்ணாகும்.

நான் சொல்லிக்கொடுப்பது இப்படி. தோய்த்துச் சுருக்கம் எடுத்த காடா துணியில் 8 அங்குலச் சதுரம். நடுவில் ஐந்து மூலை கொண்ட ஒரு துண்டு. அடுத்த துண்டை அதன் மேல் முகத்தோடு முகம் வைத்து, ஓரத்தில் கையாலேயே ஒரு தையல், திருப்பி அழுத்தி, மிச்சத்தை வெட்டி, அதற்கடுத்த துண்டு. இப்படியே நடுத்துண்டைச் சுற்றிக்கொண்டு போனால் சதுரம் நிறைந்துவிடும். இதற்கு அதிகம் பேச வேண்டியதில்லை, யாருக்கும் வரும்.

பிறகு வருவதுதான் வேலை. புதிதாக வருகிற எல்லோருக்கும் முதல் நாளே ரிப்பன் ரோஜா வேண்டும். கிடையாது. முதலில் மூட்டு. சாக்பீஸால் மூட்டுக்கு இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளி ஒவ்வொரு கோடு போட்டுக்கொண்டு, ஆங்கர் எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் மூன்றைப் பிரித்துக் கோத்து, இறகுத் தையல். ஊசி ஒரு தடவை இடப்பக்கம் குத்தி நடுவில் எழ வேண்டும், அடுத்த தடவை வலப்பக்கம் குத்தி நடுவில் எழ வேண்டும், நூல் எப்போதும் ஊசியின் முனைக்கு அடியில். கேட்க ஒன்றுமில்லை. ஆனால் ஐந்தாறு தையல் போனதும் கை தானாக இறுக்க ஆரம்பிக்கும், பட்டு சுருங்கி மூட்டு பொங்கும். நூலை ஊசியோடு சேர்த்து வெடுக்கென்று இழுக்காமல், கட்டை விரலை வளையத்தின் மேல் வைத்து, நூல் துணியில் படுத்ததும் நிறுத்தச் சொல்வேன். கோணலாக வந்தாலும் பிரிக்க விடமாட்டேன். அந்த வளைவின் மேல் பிறகு லேஸி டெய்ஸி தையலில் இலையும், நுனியில் பிரெஞ்சு முடிச்சும் வந்துவிட்டால் கோணல் கண்ணில் படாது. கிளை முதலில், இலை பிறகு, பூவும் மணியும் கடைசி. அடுத்த மூட்டில் ஹெர்ரிங்போன் தையல், அதற்கடுத்ததில் காஜா தையலை உயரமும் குட்டையுமாக. இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் மீதியெல்லாம் இவற்றின் மேல் ஏறும் அலங்காரம்தான்.

எனக்குக் கிடைத்த நல்ல மாணவிகள் யார் தெரியுமா? பள்ளிக்கூடத் தையல் நோட்டில் வெள்ளைத் துணித் துண்டுகளை ஒட்டி, சங்கிலித் தையலும் காம்புத் தையலும் போட்டு டீச்சரிடம் கையெழுத்து வாங்கிய தலைமுறை. "எனக்கு என்னம்மா தெரியும், எல்லாம் மறந்துபோச்சு" என்றபடி உட்காருவார்கள். ஊசியைக் கையில் கொடுத்தால் விரல்களுக்கு நினைவு வந்துவிடும். வீடியோ பார்த்துப் பழகிய இளம்பெண்களுக்குப் பூ பிரமாதமாக வருகிறது, நேர்கோட்டில் காஜா தையல் வரமாட்டேன் என்கிறது. இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்தால் என் தொண்டைக்கு ஓய்வு.

ஒரு மாமி கேட்டார்: "கூறைப்புடவையை வெட்டலாமாடீ?" கட்டிக்கொள்ள முடிகிற நிலையில் இருந்தால் எதற்கு வெட்ட வேண்டும் என்றேன். மும்பையில் மிச்சத் துணிக்கா பஞ்சம்? மாட்டுங்காவில் பிளவுஸ் தைக்கிற கடைகளில் கேட்டால் பட்டு வெட்டுத்துண்டுகளைப் பையில் அள்ளிக் கொடுக்கிறார்கள். 'சிந்தி' (இந்த ஊர்ப் பேச்சில் துணி வெட்டுத்துண்டு) என்று சொன்னால் போதும், புரிந்துவிடும். மங்கள்தாஸ் மார்க்கெட்டில் காடா, புலேஷ்வர் சந்துகளில் லேஸ், பட்டன், சமிக்கி. கட்டுரையில் போட்டிருந்த விலைக்கு 'கிட்' வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

மேல்நாட்டு விரிப்புகளில் அதிர்ஷ்டத்துக்கு என்று ஒரு மூலையில் சிலந்தி வலை போடுவது வழக்கம். என் வகுப்பில் இதைச் சொன்னதும், "ஒட்டடையா? நானே வாராவாரம் அடிக்கிறேன்" என்று ஒருவர் முகம் சுளித்தார். சரி, உங்களுக்குப் பிடித்ததைப் போடுங்கள் என்றேன். அடர்சிவப்பு வெல்வெட்டில் பிரெஞ்சு முடிச்சால் புள்ளி வைத்து, காம்புத் தையலில் சிக்குக் கோலம் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் கூடத்தில் இப்போது ஒட்டடை கிடையாது, கோலம்தான்.

மணிகள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். க்ளூ கன் பசை பட்டில் கறையாக இறங்கும், நாளடைவில் மணியும் உதிரும், கறை மட்டும் நிற்கும். இரட்டை நூலில் கோத்து, இரண்டு மூன்று மணிக்கு ஒரு முடிச்சு போட்டுத் தையுங்கள். ஒன்று அறுந்தால் எல்லாம் கொட்டாது. சதுரத்தின் ஓரத்தில் அரை அங்குலத்துக்கு மணியோ பட்டனோ வரக்கூடாது, சதுரங்களை இணைக்கும்போது ஊசி மோதும். நம் ஊர் மழைக்காலத்தில் பட்டு பூசணம் பிடிக்கும், ஜரிகை கறுக்கும். பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, மடிப்பை அவ்வப்போது மாற்றி வைக்க வேண்டும்.

'ஒரே மத்தியானத்தில்' என்ற வார்த்தைதான் எனக்கு அதிகத் தொல்லை. ஒரு குடியிருப்புச் சங்கத்தில் என்னை வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை காலை ஆரம்பித்து மாலையில் சான்றிதழோடு ஆளுக்கு ஒரு விரிப்பு கொடுத்தனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒரு சதுரத்துக்கே பல சாயங்காலங்கள் ஆகும் என்றதும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். போகட்டும். சதுரம் சின்னது, கைப்பையில் போகும். ஹார்பர் லைன் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் செம்பூரிலிருந்து கடைசி ஸ்டேஷனான சி.எஸ்.எம்.டி. போவதற்குள் ஒரு மூட்டில் பாதி ஓடிவிடும். பட்டாணி உரிக்கிற பெண்களுக்கு நடுவில் யாரும் நம்மை வித்தியாசமாகப் பார்ப்பதும் இல்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். அந்தச் செய்முறைக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள், குறைந்தது பசையையும் வாஷிங் மிஷினையும் பற்றியாவது. முடிந்தால் இதழுக்கு ஒரு மூட்டுத் தையல் என்று கால் பக்கம் ஒதுக்குங்கள். முடிந்த விரிப்பின் போட்டோவைவிட, ஊசி எங்கே இறங்கி எங்கே ஏறுகிறது என்று அம்புக்குறி போட்ட கோட்டுப்படம்தான் படிக்கிறவர்களுக்கு உதவும். படங்களை நானே வரைந்து அனுப்புகிறேன், பணம் வேண்டாம். இடதுகைக்காரர்களுக்காக ஒவ்வொரு படத்தையும் திருப்பி இன்னொரு முறை அச்சிட வேண்டியிருக்கும். அதற்கும் இடம் பார்த்துவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை