முகாமிலிருந்து வரும் பணியாளர்களின் மௌனம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வளர்ந்து, பட்டமோ பட்டயமோ முடித்துத் தனியார் நிறுவனங்களில் வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கு நிர்வாகத்தினரிடையே நல்ல பெயர் உண்டு. சொன்ன வேலையைத் தட்டாமல் செய்வார்கள், கூடுதல் நேரம் என்றால் முகம் சுளிக்கமாட்டார்கள், புகார் என்று வந்து நிற்கமாட்டார்கள் என்பார்கள். திருவள்ளூர் மாவட்டத் தொழிற்சாலைகளில் பணியாளர் நலப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், அந்தப் பாராட்டை நிர்வாகங்கள் ஒருமுறை ஐயத்தோடு பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

அகதிகள் தொடர்பான 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1983 முதல் இங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் சட்டத்தின் பார்வையில் இன்றும் வெளிநாட்டினரே. 1987 ஜூலை 1-க்குப் பிறகு இதே மண்ணில் பிறந்த பிள்ளைகளுக்கும், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமக்களாக இல்லாவிட்டால், பிறப்பால் குடியுரிமை கிடையாது. அரசு வேலைக்கு வழியில்லை. இந்தியக் கடவுச்சீட்டும் இல்லை. தனியார் வேலையும் கைநழுவினால், பொறியியல் படித்தவரும் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தினக்கூலிக்குத்தான் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பியவர்கள் ஒவ்வொரு முகாமிலும் இருக்கிறார்கள். இந்த அச்சத்தோடு வேலை செய்பவர் "எனக்கு ஒரு குறையும் இல்லை, சார்" என்று சொல்வதை மனநிறைவு என்று எப்படிப் பதிவு செய்வது?

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் மிகத் திறமையாகப் பணியாற்றினார். அவரிடம் வேலை கற்றவர்கள் மேற்பார்வையாளர் ஆனார்கள். அவர் விண்ணப்பிக்கவே இல்லை. ஊக்கம் போதாது என்று மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதினார்கள். தனியே அழைத்துக் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது: விண்ணப்பித்தால் ஆவணங்களை மறுபடியும் சரிபார்ப்பார்கள், முகாம் முகவரியைக் கண்டு யாராவது கேள்வி எழுப்பினால் இருக்கிற வேலையும் போய்விடுமே என்று பயந்திருக்கிறார். அவர் பயந்ததில் தவறில்லை. இலங்கைத் தமிழர் முகாம்களைக் கண்காணிக்கும் 'கியூ' பிரிவு போலீஸின் விசாரணை என்ற சொல் காதில் விழுந்ததுமே நேர்காணலை முடித்துக்கொள்ளும் நிறுவனங்களை நானே பார்த்திருக்கிறேன்.

இவர்களை வேலைக்கு எடுத்ததோடு கடமை முடிந்தது என்று நிர்வாகங்கள் நினைத்துவிடக் கூடாது. ஒப்பந்தக்காரரின் பேரேட்டில் ஒளித்து வைக்காமல், எழுத்துபூர்வமான பணி ஆணை, வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. எல்லாம் மற்றவர்களைப் போலவே இவர்களுக்கும் தர வேண்டும். பதவி உயர்வுக்குத் தகுதியானவர்களின் பட்டியலை நிர்வாகமே தயாரித்து அழைக்கலாம். அப்போது விண்ணப்பிக்கத் தயங்குபவர் விடுபடமாட்டார். வெளிநாட்டுப் பயணம் தேவைப்படாத பதவிகளுக்கும் கடவுச்சீட்டு கேட்கும் வழக்கத்தைக் கைவிடலாம். முகாமில் கணக்கெடுப்புக்கு நேரில் வர வேண்டிய நாளில் விடுப்பு தருவதில் நிறுவனத்துக்குப் பெரிய இழப்பு எதுவும் இல்லை. பேச்சு வழக்கைக் கேலி செய்வதையும், விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு முடிச்சுப்போட்டுக் கேள்வி கேட்பதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியதாக்க வேண்டும். அந்தப் பேச்சு எத்தனை பேரைச் சாப்பாட்டு இடைவேளையில் தனியே உட்கார வைக்கிறது என்பதை மேலாளர்கள் கவனிப்பதே இல்லை.

தமிழக அரசு 2021-இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது; ரூ.317 கோடிக்கு மேற்பட்ட திட்டங்களை அறிவித்தது; வீடுகளும் கட்டித் தந்தது. இவை மனமார வரவேற்கத்தக்கவை. ஆனால் அந்த வீட்டில் வசிப்பவரை வேலைக்கு அமர்த்த எந்த ஆவணம் போதும், விசாரணை தேவையென்றால் அதை யாரிடம், எத்தனை நாளில் முடித்துக்கொள்வது என்பது பல சிறுதொழில் முதலாளிகளுக்குத் தெரியவில்லை. தெரியாததால் மறுத்துவிடுகிறார்கள். மறுவாழ்வுத் துறையும் தொழிலாளர் துறையும் இணைந்து இதைத் தெளிவாக்கும் ஒரு சுற்றறிக்கையை எல்லாத் தொழிற்பேட்டைகளுக்கும் அனுப்ப வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணியாளர் நல அலுவலர்,
கும்மிடிப்பூண்டி.