கறுப்புத் திரைக்கு மாணவர்கள் அஞ்ச வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் பள்ளி மாணவர்களுக்குக் கணினி கற்பித்துவருபவன் என்ற முறையில், மவுஸுக்குப் பதிலாக எழுத்தில் கட்டளைகளைத் தட்டிக் கணினியை இயக்கும் முறையான, வகுப்பறைகளில் போதிய இடம் பெறாத கட்டளைவரியைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

மவுஸைச் சொடுக்கியே பழகிய பிள்ளைகள், கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்ததும் தோன்றும் கறுப்புத் திரையைக் கண்டு, இது பொறியாளர்களுக்கு உரியது என்று மூடிவிடுகிறார்கள். தமிழக அரசு 2011-இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளமும் இருந்தது. அதைத் திறந்துகூடப் பார்க்காத பலரை நான் அறிவேன் என்பதால் இந்த வருத்தம் எனக்குப் பழையது.

தொடக்கத்துக்கு மூன்று கட்டளைகள் போதும். லினக்ஸில் 'பிடபிள்யூடி' நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும். 'எல்எஸ்' அங்கே உள்ளவற்றைப் பட்டியலிடும். 'சிடி' வேறிடத்துக்கு அழைத்துச் செல்லும். நம் பகுதி வீடுகளில் முகப்பைக் கடந்து வளவுக்கும், வளவைக் கடந்து இரண்டாங்கட்டுக்கும் செல்வதைப் போலக் கோப்புறைகளுக்குள் ஒவ்வொன்றாக உள்ளே போகலாம். 'சிடி' என்பதை அடுத்து இடைவெளி விட்டு இரண்டு புள்ளிகள் இட்டால் ஒரு கட்டு வெளியே வந்துவிடலாம். பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால், அதே எழுத்துகளில் தொடங்கும் வேறு பெயர் இல்லாதபோது மீதியைக் கணினியே நிரப்பிவிடும்.

திரையின் நிறத்தையும் எழுத்தையும் மாற்றிப் பார்ப்பதை நேர விரயம் என்று ஆசிரியர்கள் சிலர் தடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கறுப்புப் பின்னணியில் கோப்புறைப் பெயர்கள் அடர்நீலத்தில் தெரியும்போது பார்வை குறைந்த பிள்ளையால் அவற்றைப் படிக்க முடிவதில்லை. எழுத்தைப் பெரிதாக்கிப் பின்னணியை வெளிறச் செய்தாலே பாதி அச்சம் நீங்கிவிடுகிறது. அதைவிட முக்கியமானது, அந்த ஆசையே கட்டளைகளைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது என்பதுதான். நாம் கட்டளையைத் தட்டும் வரியின் தொடக்கத்தில் வரும் பிராம்ப்டை, லினக்ஸில் கட்டளைகளை வாங்கி இயக்கும் பேஷ் என்ற நிரலில் நிலையாக மாற்ற வேண்டுமானால், வழக்கமாக 'பேஷ்ஆர்சி' என்ற கோப்பைத் திருத்த வேண்டும். அதன் பெயர் புள்ளியில் தொடங்குவதால் வெறும் 'எல்எஸ்' அதைக் காட்டாது. அதை அடுத்து இடைவெளி விட்டுச் சிறுகோடும் 'ஏ' எழுத்தும் சேர்த்துத் தட்டினால்தான் கண்ணில் படும். திருத்துமுன் 'சிபி' கட்டளையால் படி எடுத்து வைக்கவும் வேண்டும். இவ்வாறு, பிராம்ப்டில் தன் பெயரைப் பச்சை நிறத்தில் பார்க்க விரும்பும் மாணவி, தன் பயனர் கணக்குக்கு உரிய வீட்டுக் கோப்புறைக்குச் செல்லவும், மறைந்த கோப்பைக் கண்டறியவும், படி எடுக்கவும் யாரும் வற்புறுத்தாமலே பழகிக்கொள்கிறாள்.

விண்டோஸில் 'எல்எஸ்' கட்டளைக்குப் பதிலாக 'டிர்' உண்டு. அங்கே கமாண்ட் பிராம்ப்ட் என்ற கட்டளைச் சாளரத்தில் 'சிடி' என்று மட்டும் தட்டினால் இருக்கும் இடம் தெரியும். லினக்ஸில் அதுவே வீட்டுக் கோப்புறைக்குத் திருப்பி அனுப்பிவிடும். இந்த வேறுபாட்டை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. லினக்ஸில் 'ஆர்எம்' கட்டளையால் அழித்த கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போகாது என்பதையும் அவசியம் எச்சரிக்க வேண்டும்.

தமிழில் கோப்புப் பெயர் வைக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. டெர்மினல் ஒவ்வோர் எழுத்தையும் ஒரே அகலமுள்ள கட்டத்தில் அடைக்க முயல்வதால், பல டெர்மினல்களில் நம் கொம்புகளும் கால்களும் இடம் மாறியோ ஒன்றன்மேல் ஒன்று ஏறியோ தெரிகின்றன. தமிழ்க் கணிமை ஆர்வலர்கள் இதைச் சரிசெய்ய முன்வர வேண்டும்.

பள்ளிக் கணினி ஆய்வகங்களில் வாரம் ஒரு பாடவேளையையாவது டெர்மினலுக்கு ஒதுக்கி, ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் பயனர் கணக்கு அளித்து, தம் திரையைத் தாமே அமைத்துக்கொள்ள அனுமதிக்குமாறு கல்வித்துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்றுநர்,
காரைக்குடி.